அத்தான் கேரவனை மூடிய ஒன்பது நாட்கள்

என் அக்காவின் வீட்டுக்காரர் முப்பத்து மூன்று வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவர். அத்தனை வருடத்தில் ஒரு வாசகரிடம்கூட, "நேரமாச்சு, கிளம்புங்க" என்று சொன்னதில்லை. ஏழு மணிக்கு மூட வேண்டுமென்றால் ஆறே முக்காலுக்கு எழுந்து வாசல் பக்கத்து ஃபேனை நிறுத்துவார். ஐந்து நிமிடம் கழித்து அடுத்த ஃபேன். அப்புறம் ஜன்னல்கள், ஒவ்வொன்றாக. உள்ளே இருப்பவர்கள் வியர்த்து வழிந்து தாமாகவே எழுந்து போவார்கள். வாசலில் நின்று, "அடடா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?" என்று கேட்பார். அது நடிப்பில்லை, நிஜமாகவே வருத்தப்படுவார். அந்த வட்டாரத்தில் அவருக்கு ஃபேன் சார் என்றுதான் பெயர்.

'போ' மட்டுமல்ல, 'வா', 'இரு', 'கொடு' எதுவுமே அவர் வாயில் வராது. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டுமென்றால் காலி டம்ளரை அக்கா பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். டம்ளர் மேஜை விளிம்புக்கு வந்து விழப்போகும் சமயத்தில் அக்கா பிடித்து நிரப்புவாள்.

நான் அவருக்கு நேர் எதிர். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டு, அப்புறம் ஒரு வாரம் அதற்காக வருந்துகிற ரகம். ரோஷம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். தொழில், நீச்சல் வாத்தியார். பொது நீச்சல் குளத்தில் இருபத்தாறு வருடம், குளத்துக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே குடித்தனம், குடும்பம் கிடையாது. ஒரு நாள் குளத்தைத் தரை ஓடு மாற்ற வேண்டும் என்று மூடினார்கள். இரண்டே வாரம் என்றார்கள். அறையையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்கு வரச் சொன்னாள். பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு நான் ஒரு சபதம் செய்தேன். "ஐம்பத்திரண்டு வயசுல அக்கா வீட்ல போய் உக்காந்துட்டான்னு நாலு பேர் பேசக் கூடாது. உங்க வாசப்படி தாண்டிப் படுக்க மாட்டேன். வெளிய நிக்கிற கேரவன்ல ரெண்டு வாரம் இருந்துட்டுப் போயிடறேன்."

அந்த இரண்டு வாரம் பதினான்கு மாதமாகிவிட்டது. குளத்து அலுவலகத்துக்கு எப்போது போன் செய்தாலும், "ஓடு வந்துட்டே இருக்கு சார்" என்பார்கள். மதியத்தில் பார்சல் அலுவலகத்தில் பெட்டி அடுக்கப் போவேன். சாப்பாடு சமையலறையின் பின்வாசலில் நின்றபடி வாங்கிக்கொள்வேன். சபதம் என்றால் சபதம், உள்ளே ஒரு அடி வைத்ததில்லை.

கேரவன், அத்தான் ஓய்வு பெற்றதும் பழையதாக வாங்கியது. பின்னால் ஒரு படுக்கை, இரண்டு அடுப்பு, இடுப்பளவு குளிர்சாதனப் பெட்டி, மடக்கி வைக்கும் மேஜை, நுழைந்தால் திரும்ப முடியாத ஒரு குளியலறை. அதில் அவர்கள் இரண்டு முறை கடற்கரைக்குப் போய் வந்தார்கள். மூன்றாவது முறை போவதற்குள் நான் வந்துவிட்டேன். அது என் மனதில் முள்ளாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு காலையில் அத்தான் கேரவன் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைப் பார்த்துப் பேசினார்.

"மழை வருது. வண்டி ரொம்ப நாள் ஓடாம நிக்கப் போவுது. அப்படியே விட்டா கெட்டுப்போயிடும். கொஞ்சம் ஏற்பாடெல்லாம் பண்ணணும், மச்சான்."

பேசிவிட்டு ஒரு அட்டையை நீட்டினார். நூலகத்தில் பயன்படுத்துவார்களே, அந்தப் பழுப்பு அட்டை. முன்பக்கம் புத்தகத்தின் பெயர், பின்பக்கம் அது இருக்கும் அலமாரி. ஓய்வு பெறும்போது மிச்சமிருந்த அட்டைகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் புத்தகத்தின் பக்கம் தலை வைத்துப் படுக்காதவன். அட்டையின் முன்பக்கத்தில் 'இன்று: தண்ணீர்த் தொட்டி' என்று இருந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் ஃபேனை நிறுத்திவிட்டார்.

கோபம் தலைக்கேறியது. வாயைத் திறந்து 'போ' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிடம் போய்விடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் நகரப் போவதில்லை. பார்சல் அலுவலகக் காவலாளி கிடங்கில் ஒரு கட்டில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கூரை ஒழுகும், இருந்தாலும் கட்டில்தானே. போக ஓரிடம் இருந்தது. ஆனால் இவர் வாய் திறக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் போவது என்று இருந்தேன்.

அத்தான் வண்டிக்கு அடியில் படுத்து வடிகுழாயைத் திறந்தார். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"மேல இருக்கிற குழாயையெல்லாம் திறந்து விடுங்க அத்தான். காத்து உள்ள போனாத்தான் தண்ணி வெளிய வரும். வெந்நீர்த் தொட்டி தனி, அதுக்கு வேற திருகு."

"அப்படியா?" என்றார் அடியிலிருந்து.

நானே உள்ளே போய்த் திறந்தேன். இருபத்தாறு வருடம் குளத்துக்குத் தண்ணீர் கட்டி, தண்ணீர் இறக்கியவன் நான். என்னை வெளியே தள்ளுகிறார் என்று தெரிந்தும், தள்ளுகிற வேலையை அவர் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வரவில்லை. அன்று முதல் குளிப்பதற்குத் தோட்டத்துக் குழாயடி.

இரண்டாம் நாள் அட்டை, 'இன்று: கேஸ் சிலிண்டர்'. தினமும் ஒன்று வந்தது, படித்துவிட்டுப் பைக்குள் போட்டேன். வால்வை மூடிக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார். என் காலை டீ போயிற்று. மூன்றாம் நாள் குளிர்சாதனப் பெட்டி. காலி செய்து, சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து, கதவு மூடிக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும் என்று இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். அது என் துண்டு. தலை துவட்ட எதுவும் இல்லாமல் மறுநாள் வெயிலில் நின்று காய்ந்தேன்.

நான்காம் நாள் 'இன்று: தின்பண்டம்'. என் பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, மனமில்லாதவர் மாதிரி எடுத்தார்.

"உணவு இருந்தா எலி வரும், மச்சான்."

"நான்தான் உள்ள இருக்கேனே. எலி எப்படி வரும்?"

"அதான்..." என்று இழுத்தார். அடுப்புக் குழாய் நுழையும் ஓட்டையைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அடைக்க ஆரம்பித்தார். நாரை நுனி விரலால் குத்திக்கொண்டிருந்தார். பிடுங்கி நான் அடைத்தேன். ஒரு எறும்பு போகாது.

ஐந்தாம் நாள் சக்கரம். ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றால் டயர் தட்டையாகிவிடுமாம். காற்றை நிரப்பி, பலகை போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றினார். வலது பக்கப் பலகை தடிமன் அதிகம். அன்று நான் படுத்தால் உருண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். காலையில் எழுந்த வேகத்தில் நானே பலகையை மாற்றி, ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்து, மட்டம் சரியா என்று பார்த்தேன். அத்தான் பக்கத்தில் நின்று, "ரொம்ப நேர்த்தி" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

அக்காவிடம் போய், "உன் வீட்டுக்காரர் என்னதான் நெனச்சிட்டு இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவரையே கேளு" என்று தட்டை நீட்டினாள். கமுக்கமாகச் சிரித்த மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவளும் கட்சி மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் திரைச்சீலைகளை அவிழ்த்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் சட்டை மாற்றுவது தெருவுக்கே காட்சி. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா, தைப்பதை நிறுத்திவிட்டு, "அந்தச் சட்டைல ரெண்டாவது பட்டன் இல்ல, கொண்டு வாங்க, வெச்சுத் தரேன்" என்று ஜன்னலிலிருந்தே சொன்னார். ஏழாம் நாள் பாட்டரி. கறுப்புக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும், அவர் சிவப்பில் கை வைத்தார். தட்டிவிட்டு நானே கழற்றிக் கொடுத்தேன். வண்டிக்குள் வெளிச்சம் போயிற்று. எட்டாம் நாள் மெத்தை. "ஈரம் இழுக்கும்" என்றார். தலையணையையும் விடவில்லை. சட்டைகளைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு வெறும் பலகையில் படுத்தேன்.

அப்போது எனக்குக் கோபம் இல்லை. வலித்தது. முதுகைச் சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் நாமும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இப்படி மெத்தையைத் தட்டி, தூசி துடைத்து, ஒவ்வொன்றுக்கும் முகம் சுருங்கிக்கொண்டு தள்ளுகிறவரை என்ன செய்வது? பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட முகம் சுளிக்காத மனிதர். அவருக்கே பொறுக்க முடியாமல் போய்விட்டது என்றால் நான் எவ்வளவு பெரிய பாரமாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை மேகம் கறுத்துக் கிடந்தது. கண்ணாடி துடைப்பானில் ஒரு அட்டை செருகியிருந்தது. எடுத்துப் படித்தேன்.

'கடைசி: மச்சான்.'

அவ்வளவுதான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெட்டியை அடைத்தேன். அடைக்க அதிகம் எதுவும் இல்லை. ஒரு கையில் பெட்டி, மறு கையில் அட்டை, பின்வாசல் வழியாகச் சமையலறை, அதைத் தாண்டிக் கூடம் என்று நேரே உள்ளே போய் நின்றேன். சபதமெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. அத்தான் கூடத்தில் உட்கார்ந்து கேரவனுக்குப் போர்த்தும் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்து மூணு வருஷம் ஃபேனை நிறுத்தி நிறுத்தி ஆளுங்கள வெரட்டினீங்க. அவங்க யாரோ எவரோ. நான் உங்க மச்சான். என்கிட்டயாவது வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? போன்னு ஒரு வார்த்தை. எட்டு நாளா அதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன்."

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், காலி டம்ளரை நகர்த்துகிற அதே பார்வை.

அக்கா என்னிடம் வந்தாள். "அட்டையத் திருப்பிப் பாத்தியா?"

"திருப்பிப் பாக்க என்ன இருக்கு?"

"பாருடா."

திருப்பினேன். பின்பக்கத்தில், அலமாரி எண் எழுதும் இடத்தில், அதே மணி மணியான எழுத்தில் இருந்தது: 'முன்னறை. ஜன்னல் பக்கம்.'

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சட்டைப் பையிலிருந்த மற்ற அட்டைகளை எடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் பின்னால் 'தோட்டத்துச் செடிகள்'. சிலிண்டருக்குப் பின்னால் 'வெளிக் கொட்டகை'. பிஸ்கட்டுக்குப் பின்னால் 'முன்னறை, மேஜை'. திரைச்சீலை, முன்னறை. பாட்டரி, முன்னறை. மெத்தை, முன்னறை. எட்டு நாளாக எல்லாவற்றையும் என் நெஞ்சுக்கு நேராகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"மழைல நீ அந்தத் தகரத்துக்குள்ள கெடக்கக் கூடாதுன்னு போன மாசமே சொல்லிட்டாரு" என்றாள் அக்கா. "உள்ள வந்து இருன்னு உன்கிட்ட சொல்றதுக்கு மூணு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தாரு. வரல. நீ வேற சபதம் போட்டவன். கூப்பிட்டா வர மாட்டே, குதிப்பேன்னு தெரியும். அப்புறம்தான் அட்டைய எடுத்தாரு."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவர் வாயால எனக்குப் போட்ட ஒரே உத்தரவு அது. எப்படி மீறறது?"

அத்தான் எழுந்து முன்னறைக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். நான் உள்ளே போனேன். கேரவன் படுக்கைக்காக ஒரு மூலை வெட்டிய என் மெத்தை, முழுக் கட்டிலின் மேல் அந்த வெட்டோடு கிடந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் அக்கா ஒரு போர்வையை மடித்து நிரப்பியிருந்தாள். ஜன்னலில் கேரவன் திரைச்சீலைகள். அவை கால்வாசிதான் மறைத்தன, மீதி ஜன்னல் வெட்ட வெளி. மேஜையில் பிஸ்கட் டப்பா. மூலையில் ஒரு பலகைமேல் பாட்டரி, அதோடு சின்ன சார்ஜர், அதில் பச்சை விளக்கு.

கண் கலங்கிவிட்டது. மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

அத்தான் பாட்டரியைப் பார்த்துப் பேசினார். "சும்மா விட்டா செத்துப்போயிடும். சீல் வெச்சதுதான், ஒண்ணும் பண்ணாது. பச்சை விளக்கு எரியுதான்னு தினம் பாக்கணும். நான் மறந்துடுவேன்."

முப்பத்து மூன்று வருடத்தில் திருப்பித் தராத ஒரு புத்தகத்தைக்கூட மறக்காத மனிதர் அவர்.

"மழை முடியற வரைக்கும்தான் அத்தான்" என்றேன். ரோஷம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? "அப்புறம் வண்டிய எழுப்பி நீங்க ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போறீங்க. வீட்ட நான் பாத்துக்கறேன்."

தலையாட்டினார். என் கையிலிருந்த பெட்டியை மெதுவாக வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். ஏதோ சொல்ல வேண்டும் என்று நின்றார். உதடு அசைந்தது, 'இரு' என்பதன் முதல் எழுத்துவரை வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதற்குமேல் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, சுவிட்சைத் தட்டினார். தலைக்குமேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அவர் ஒரு ஃபேனைப் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நல்ல குளிர், பல் கிட்டியது. நான் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேனை நிறுத்தவில்லை.