சந்தனத்துக்குள் போன ஊசி

எங்கள் காரில் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. இஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரிவது அதன் வேலை. அந்த வேலையை அது நேரத்துக்குச் செய்ததாக எனக்கு நினைவில்லை. காத்தான்குடியில் எங்கள் காரைப் பார்க்கும் கராஜ்காரர் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைக் குறை சொன்னால் அப்படிக் கறுப்பதில்லை.

“அந்த லைட் எரியக்குள்ள இஞ்சின் மவுத்தாகி இரிக்கும் ஐயா. ஊசி உள்ள ஒயில் மீட்டர் ஒண்டு பூட்டுங்க. இந்த இஞ்சினுக்கு இனிச் சாமான் எடுக்கேலா. போனா, கார் பழைய இரும்புதான்.”

பழைய இரும்பு என்றதும் நான் அக்காவைத்தான் நினைத்தேன். பனிச்சங்கேணியில் என் அக்கா நடக்க முடியாமல் படுத்திருக்கிறாள். வாரத்தில் ஒருநாள் போய், தலை வாரிப் பின்னிவிட்டு, நாலு கதை பேசிவிட்டு வருவேன். பஸ்ஸில் போகலாமே என்பார்கள். தாராளமாக ஏறலாம். இறங்கத்தான் முடியாது. ‘இறக்கம்’ என்று பஸ் முழுக்கக் கேட்கச் சத்தம் வைக்க வேண்டும். அத்தனை முகமும் திரும்புமே என்று வாயை மூடிக்கொண்டிருந்து, ஒருமுறை அக்காவின் ஊரைத் தாண்டி வாகரை வரை போய்த் திரும்பியவள் நான்.

“வாகரையில ஆருகா உன்ன வெத்திலை வச்சிக் கூப்பிட்ட?” என்று அக்கா இன்றைக்கும் கேட்பாள்.

ஆகவே கார்தான் எனக்கு அக்கா. அது நின்றால் அவளும் இல்லை.

மீட்டர் வாங்கி வந்தாயிற்று. கராஜுக்குக் கொண்டுபோவோமா என்றேன். என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய் வேலை செய்தவர். அவருக்கு உலகத்தில் இரண்டு வகைச் சாமான்தான்: குழாய், குழாய் அல்லாதது. “ஒயில் ஓடினா என்ன, தண்ணி ஓடினா என்ன புள்ள? எல்லாம் பைப்புத்தான்.”

இஞ்சினில் இருந்த பழைய ஒயில் சுவிட்சைக் கழற்றினார். அந்த ஓட்டையில் மூன்று வாய் உள்ள பித்தளைத் துண்டு ஒன்றைப் பூட்டினார். ஒரு வாய் இஞ்சினுக்கு, ஒரு வாய் பழைய சுவிட்சுக்கு, மற்றது புது மீட்டரின் சென்சருக்கு. ஒழுகாமல் இருக்க எல்லாத் திருகு மரையிலும் வெள்ளை டேப்பைச் சுற்றினார், சுற்றினார், டேப் முடியும் வரை சுற்றினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஊசியும் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் கராஜ்காரரைக் கூப்பிட்டோம். அவர் பொனட்டுக்குள் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

“என்ன ஐயா, மவுத்தானவங்களுக்குச் சுத்துற மாதிரிக் கபன் சுத்தி வச்சிரிக்கீங்க? இரும்போட பித்தளை பட்டாத்தானே ஊசிக்குக் கரண்ட் வரும்.”

பாதி டேப்பை உரித்துப் பூட்டினார். ஊசி எழும்பி நடுவில் நின்றது. “இதுக்கு மேல இறுக்க வேணாம், பித்தளை வெடிச்சிரும்,” என்றார். என் வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். காதில் போடுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

மீட்டர் என் முழங்காலுக்கு நேரே இருந்தது. அதனால் அதைப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. “நிக்கக்குள்ள ஊசி கொஞ்சம் விழும், பயப்படாதீங்க அம்மா. ஓடக்குள்ள விழுந்தா உடனே நிப்பாட்டச் சொல்லுங்க,” என்றார் கராஜ்காரர். சத்தம் போடத் தெரியாத ஆளாகப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தந்திருக்கிறார்கள்.

புதுச்சாமான் பூசை காணாமல் ஓடலாமா? பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ஐயர் டயருக்குப் பொட்டு வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார், புதிதாக மினுங்கிய மீட்டரைக் கண்டு அதன் கண்ணாடிக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பினார். ஊசி விழும் பக்கத்து இலக்கமெல்லாம் சந்தனத்துக்குள் போயிற்று.

“துடைச்சா என்ன?” என்றேன் மெதுவாக.

“சாமி பொட்ட ஆரும் துடைப்பாங்களா? தானா உதிரட்டும்.”

அது உதிரவில்லை. டேப்பை விட நன்றாகப் பிடித்திருந்தது.

அக்காவிடம் போகும் நாள் வந்தது. புறப்படுமுன் அவர் ஸ்பானரோடு பொனட்டுக்குள் குனிந்தார். “பைப் எண்டா கடைசியா ஒரு முறுக்குக் கேக்கும்,” என்று சொல்லி, அந்தப் பித்தளைக்கு அதைக் கொடுத்தார்.

ஓட்டமாவடி தாண்டும் வரை ஊசி நடுவில் இருந்தது. பிறகு மெல்லச் சாய்ந்தது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்க, பொட்டுக்குள் போனது. வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

“இஞ்ச பாருங்க, ஊசி பொட்டுக்குள்ள போயிட்டு.”

“போகட்டும். சாமிட்டத்தானே போயிருக்கு.”

“வெளிய வருதில்ல.”

“சும்மா இரு புள்ள. பொட்டு வச்ச இஞ்சினுக்கு ஒண்டும் வராது.”

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். அவர் ஒரு கையால் என் கையைத் தட்டிவிட்டார். ஆனால் சுரண்டிய இடத்தில் ஊசி தெரிந்தது. அடியில் படுத்துக் கிடந்தது. எனக்கு அக்காவின் பின்னாத தலைமயிர்தான் கண்ணுக்குள் வந்தது. என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“இறக்கம்!”

அவர் கால் பிரேக்கில் இருந்தது. கார் நின்ற பிறகு, சிவப்பு விளக்கு சாவகாசமாகக் கண் விழித்தது.

“ஓப் பண்ணுங்க!” என்றேன். சத்தம் வந்தது வந்ததுதானே என்று அதையும் கத்தினேன். சாவியைத் திருப்பினார். இறங்கிப் பார்த்தால், பின்னால் ரோட்டில் நீளத்துக்கு ஒயில் கோடு.

ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மெக்கானிக், வெடித்த பித்தளையைக் கழற்றி, பழைய சுவிட்சை அதன் இடத்தில் பூட்டி, ஒயில் ஊற்றினார். ஸ்டார்ட் பண்ணினார். இஞ்சின் ஒன்றும் நடக்காதது போல ஓடியது.

“நல்ல நேரம் நிப்பாட்டினீங்க. இஞ்சினுக்குள்ள தட்டுற சத்தமே இல்ல.”

“மீட்டர் பூட்டினதாலதானே,” என்றார் என் வீட்டுக்காரர்.

பனிச்சங்கேணியில் அக்காவுக்கும் அவர்தான் கதை சொன்னார். அந்தக் கதையில் மீட்டர் இருந்தது, பிள்ளையார் இருந்தார், அவருடைய பிரேக் இருந்தது. நான் அக்காவின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கராஜில் புதுப் பித்தளை பூட்டினார்கள். புதுச்சாமான், ஆகவே மறுபடியும் பூசை. ஐயர் டயருக்கு வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார், மீட்டரை நோக்கிக் கை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீட்டர் கண்ணாடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன். சந்தனம் என் புறங்கையில் குளிர்ந்தது.