அதே கும்பிடு

எங்கள் ஊரில் பெருமாள் சப்பரம் புறப்படும் நாளில், அதற்கு முன்னே நடப்பவன் பேசக் கூடாது. இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. அப்படி நடக்கும் உரிமை தலைமுறைகளாக எங்கள் வீட்டுக்கு உரியது. அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வரும். அதை நடப்பவன் கழுத்தில் இட்டுத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை, எங்கள் வீட்டின்மீது உள்ள குறையை எவரும் முகத்துக்கு நேரே சொல்லலாம். பரிவட்டம் கட்டிக்கொண்டவன் கைகூப்பிக் கேட்டு நிற்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் பின்னால் சப்பரத்தில் வருகிறார் என்பது நம்பிக்கை. என் தந்தை அதை முழு மனத்தோடு நம்பினார்.

அவர் இறந்த மறு ஆண்டு பரிவட்டம் என் தலைக்கு வந்தது. நானோ பட்டிமன்றங்களில் பேசியே பெயர் வாங்கியவன். எதிரணியினர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மறுப்பைத் தொடங்கிவிடுபவன். பிறப்பால் எவருக்கும் உயர்வில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மேடைகளில் பேசி வென்ற கோப்பைகள் எங்கள் கூடத்தில் இருக்கின்றன. அந்தக் கூடத்திலேயே நின்று பரிவட்டத்துக்குத் தலைகுனிந்தேன். முரண் எனக்குத் தெரியாமல் இல்லை. உரிமை என்று வந்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவுக்குக் கட்டிய அளவே சரியாக இருக்கிறது என்றார் பட்டர். தெருவில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததாகத் தோன்றவில்லை. எனக்குப் பின்னால் வரும் யாரையோ என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்கள்.

"ஏலே, மைக்கக் குடுத்தா விடமாட்டாருல்ல, இன்னைக்கு வாய மூடிக்கிட்டு வாரதப் பாரு" என்றான் ஒருவன். தெரு சிரித்தது.

கீழத்தெரு முனையில், மழைக்காலத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெண் வழிமறித்தார். எங்கள் தோப்பின் கம்பிவேலி சுடுகாட்டுப் பாதையை மறித்திருப்பதையும், மகனின் பாடையை ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கிப்போனதையும் சொன்னார். அந்த வேலியைத் திறக்கச் சொல்லி அப்பாவிடம் ஆண்டுதோறும் இதே இடத்தில் கேட்டு வந்தவர் அவர். என்னிடம் மறுப்பு ஆயத்தமாக இருந்தது: மலையிலிருந்து இறங்கும் பன்றிகளுக்காகப் போட்ட வேலி, நிலமோ பட்டா நிலம். சொற்கள் பல்லுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றன. வாய் திறந்தால் சப்பரம் அங்கேயே திரும்பிவிடும். கைகூப்பினேன்.

அவர் என் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தார்.

"அவியளும் இதே கும்பிடுதான் போட்டாக, தம்பி."

நானும் குனிந்து பார்த்தேன். வலக் கட்டைவிரல் இடக் கட்டைவிரல்மேல் ஏறியிருந்தது. விரல்நுனிகள் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்பாவின் கைகள். எவரும் எனக்குக் கற்றுத்தராத கும்பிடு.

அதன்பின் அந்தக் கைகள் என்னை விடவில்லை. மேடையேறி அவையை வணங்கும்போதெல்லாம் அவைதான் எனக்கு முன்னே எழுந்தன. பெருமாளிடம் ஒப்படைத்துவிட்டதாக அப்பா நினைத்த குறை எங்கும் போய்ச் சேராமல், அந்தத் தெருமுனையிலேயே நின்றுவிட்டதோ என்ற எண்ணம் தூங்கவிடவில்லை. வேலியைத் திறந்தால் போனவரைக் குற்றவாளி ஆக்குவதாகும் என்று அம்மா வருந்தினாள். ஆயினும் கம்பியை அறுத்து ஓர் இரும்புக் கதவு வைத்தேன். பன்றிக்குப் பயந்து பூட்டும் போட்டேன். தலைமை என்பது பணிவே என்று ஒரு மேடையில் அந்தக் கதவைப் பற்றிப் பேசவும் செய்தேன். பலத்த கைதட்டல்.

அடுத்த ஆண்டும் அவர் அதே முனையில் நின்றார்.

"கதவு வச்சது சரிதான் தம்பி. சாவி ஒங்க வீட்டுலல்ல இருக்கு. செத்தவனத் தூக்கிட்டு வந்து ஒங்க வாசல்ல நின்னுல்ல கேக்கணும்?"

மேளம் நின்றுவிட்டது. என் கைகள் கூப்பியபடியே இருந்தன. தோப்புச் சாவி, அப்பா வைத்திருந்ததைப் போலவே, என் மடியில் இருந்தது. பேசக் கூடாது என்பதுதான் விதி. கூப்பிய கையைப் பிரிக்கக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. பிரித்தேன். சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

மேளம் மறுபடி எழுந்தது. கூப்பினால் அப்பாவுடையவை ஆகிவிடும் என்று அஞ்சி, கோயில் வரும்வரை கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமலே நடந்தேன்.