கோணல் பட்டன் வைத்த தலையணை உறை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. தாராவியில் ஒரே அறையில் இருந்துகொண்டு, சட்டைக்குப் பட்டன் தைத்துத்தான் வளர்த்தேன். நான் தைத்த பட்டன் வரிசை நூல் பிடித்ததுபோல இருக்கும். சட்டை தைக்கிற கார்க்கானாவின் முதலாளி மற்றவர்கள் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், என்னுடையதைப் பார்க்காமலே கட்டுவார். பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைதான்.

கடைசி மகள் எஸ்தர். அவள் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. வாதம் வந்தவர்கள் திரும்பச் சட்டை போட, சோறு பிசைந்து சாப்பிட, செய்துவந்த வேலையைச் செய்யப் பழக்குகிற படிப்பு. டாக்டர் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த உயிரை வைத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்பதுதான் இவள் வேலை.

அவளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாட்டுங்கா, செம்பூர் என்று வீடு வீடாகப் போவாள். போன வீட்டுக்குத்தான் கூலி. 'இன்றைக்கு வேண்டாம்' என்று போனில் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மருமகன் மஞ்சள் காமாலையில் போனபிறகு அவள் ஒருத்தி வருமானத்தில்தான் நானும் பேத்தி ரூபியும்.

அப்போது செம்பூரில் குடியிருந்தோம். அங்கே அவள் கொடுத்த வாடகையைத் தூரத்து டோம்பிவிலியில் தவணையாகக் கட்டினால் சொந்த வீடே வந்துவிடும் என்றார்கள். கெட்டிக்காரி என்றார்கள். என் தாராவி அறையை விற்று முன்பணம் கொடுத்தோம். மிச்சத்துக்கு பேங்க் கடன்.

வீடு மலிவாகத்தான் கிடைத்தது. ஆனால் ரயில் அவள் பகலைத் தின்றது. முன்பு நான்கு வீடு பார்த்தவள் இப்போது இரண்டுதான் பார்க்க முடிந்தது. வீட்டின் விலையைப் பார்த்த நாங்கள், போய் வருகிற நேரமும் அவளுக்குப் பணம்தான் என்பதை நினைக்கவில்லை. வளையல் அடகுக்குப் போனது. சங்கிலி போனது. தவணை மட்டும் தவறாமல் வந்தது.

அதன்மேல், போன வருஷம் நம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், எனக்கு வாதம் வந்தது. வலது கை செத்துவிட்டது. பட்டன் தைத்த கை.

மகள் ஊரார் கைகளைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பார்ப்பாள். என் முன்னால் ஒரு பழைய தலையணை உறையும் பெரிய பெரிய பட்டன்களும் வைப்பாள். "தையுங்கம்மா" என்பாள். ஊசி விழும். எடுத்துக் கொடுப்பாள். திரும்ப விழும். நான் திட்டுவேன். "திட்டுங்க, ஆனா தையுங்க" என்பாள். மாதக்கணக்கில் இப்படி. கை மெல்ல அசைந்தது. ஆனால் பட்டன் எல்லாம் கோணல். யாராவது வந்தால் அந்த உறையைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைப்பேன்.

தவணை இரண்டு தடவை தவறியது. பேங்கிலிருந்து ஓயாமல் போன். வீட்டை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். நான் ஜெபித்தேன், சபையாரே. வானம் தகரமாய் இருந்தது. என் சாப்பாடும் மாத்திரையும் மிச்சமாகட்டும், என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்றுகூடக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. பிறகு ஜெபிக்க வாய் வரவில்லை. முழங்காலில் சும்மா இருந்துவிட்டு எழுந்திருப்பேன்.

இந்த வருஷப் பண்டிகைக்கு முந்தின நாள் எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"எம்மா, வாஷில ஒரு ஆபீஸ்ல பில்லு சரிபாக்குத வேலை. மாசச் சம்பளம். திங்கக்கெழம சேரணும்."

"ஏட்டி, அப்போ நீ படிச்சது?"

"படிச்சது படிச்சதோட போவட்டும்மா. வீடாவது நிக்கட்டும்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு முழங்காலில் வாய் வந்தது. 'அவள் படிப்பு அவள் கையில் இருக்கட்டும் ஆண்டவரே. அதற்காக நான் வெட்கப்பட வேண்டுமானாலும் படுகிறேன்' என்றேன்.

பண்டிகைக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. உங்களுக்குத் தெரியும். தேங்காய்க் குலை, கோழி, மாவு, அவரவர் கையால் செய்தது ஏதாவது ஒன்று. அதை ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடுவார்கள், பணம் சபைக்குப் போகும். வருஷம் தவறாமல் நான் கோழி கொண்டுபோனவள். இந்த வருஷம் கோழிக்கு வழியில்லை. பாய்க்கு அடியிலிருந்து உறையை எடுத்துப் பையில் வைத்தேன். எஸ்தரிடம் சொல்லவில்லை.

ஏலம் விட்டது தாசன் அண்ணாச்சி. அவர் வாய் தெரிந்ததுதானே. உறையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னது? பட்டன் பூரா லோக்கல் ரயில்ல சீட்டு கெடைக்காத ஆளு மாதிரி ஒண்ணொண்ணும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சி நிக்கி! தைச்சது யாருவே?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்தேன்.

"நாந்தான் அண்ணாச்சி. போன பண்டிகைக்கு இந்தக் கை செத்துக் கெடந்துச்சி. எம் மவ ஊசியக் குடுத்துக் குடுத்து எழுப்புனா."

சிரிப்பு நின்றது. தாராவியில் பை தைக்கிற கார்க்கானா வைத்திருக்கிற செல்வராஜ் தம்பி பின்வரிசையிலிருந்து விலை சொன்னார். வேறு யாரோ ஏற்றினார்கள். அவர் அதற்கு மேல் சொன்னார். ஒரு பழைய உறைக்கு நான் கேட்டிராத விலை. உறையை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"உறைய நீங்களே வச்சிக்கிடுங்கக்கா. அந்தக் கைய ஒருக்க காட்டுங்க."

காட்டினேன். மடக்கினேன், விரித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவிக்கும் என்னைப்போலத்தான். கோவண்டியில் ஒருவர், லேபர் கேம்ப் பகுதியில் ஒருவர் என்று, வாதம் வந்த தமக்குத் தெரிந்தவர்களையும் சொன்னார். "என் கார்க்கானாவுக்கு மேல ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. நீ வீடு வீடா அலையாதம்மா, அவிய ஒன்ன தேடி வரட்டும்" என்றார் எஸ்தரிடம்.

திங்கட்கிழமை அவள் வாஷிக்குப் போகவில்லை.

ஏலப் பணத்தில் ஒரு பைசா எங்களுக்கு வரவில்லை, வரவும் கூடாது. இப்போது தாராவிக்குப் போய் ஒரே இடத்தில் உட்காருகிறாள். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருகிறார். விட்டுப்போன தவணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம். சங்கிலி இன்னும் அடகில்தான். சில மாதம் மூச்சு முட்டுகிறது. கஷ்டம் தீர்ந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் நான் கேட்டது வீடு அல்ல, அவள் படிப்பு அவள் கையில் இருக்கவேண்டும் என்பதுதான். அதைக் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். சாவைக் கேட்ட இந்த வாய் இப்போது அதைக் கேட்பதில்லை.

உங்களில் யாருக்காவது வாய் வராமல் முழங்கால் மட்டும் இருந்தால், அதையாவது விடாதீர்கள். எதைப் பாய்க்கு அடியில் ஒளித்திருக்கிறீர்களோ, அதை அவர் முன்னால் எடுத்து வையுங்கள்.

சபைக்குக் கொடுக்கிற இந்தச் சாட்சியை வலது கையால்தான் எழுதினேன். பல நாள் ஆனது. ரூபி, இங்கே வா. நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை. எழுத்து கோணலாய் இருக்கிற இடத்தில் சிரிக்காமல், முதலிலிருந்து சத்தமாக வாசி பார்ப்போம்.