திட்டுக்கு வந்த சாக்கு

அரியாங்குப்பம் ஆற்றுத் திட்டில் பறவை ஆர்வலர்கள் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூண்டு வைத்துப் பூனை பிடிப்போம். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவிகளை அவை விட்டுவைப்பதில்லை. பிடிக்கப் பிடிக்க, ஊரார் வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைப்பேன். அலுத்துவிட்டது.

அன்று மீன் விற்கும் அக்கா ஒருவர் சாக்கோடு படகில் வந்து இறங்கினார். உள்ளே பூனைக்குட்டிகள்.

“கொல்ல மனசு வரல தம்பி. இங்க மீனு, நண்டு தின்னு பொழச்சிக்கும்ல?”

திட்டக்கூடத் தெம்பில்லை. உடைந்த முட்டைகளையும், தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றிய ஆள்காட்டியையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தவர், சாக்கைத் தூக்கிக்கொண்டு படகேறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். கையில் காரப்பொடி என்ற சிறு மீன்.

“கூண்டுல வெக்கத்தான். வா, மிச்சத்தையும் புடிப்போம்.”

அலுப்பு தீரவில்லை. ஆனால் கூண்டின் மறுபக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார்.