கருமாதி வைக்காத ரதி

கண்டியில் சீலைக் கடையில் வேலை செய்கிற ஆம்பளைக்குச் சீலை கட்டத் தெரியாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? என் மனைவி நம்பினாள். நம்பின மாதிரி கல்யாணமான நாளிலிருந்து நடித்தாள்.

கடையில் சீலையைத் தோளில் போட்டுக் காட்டுவதுதான் என் பிழைப்பு. கொசுவம் மடித்து இடுப்பில் வைத்து, முந்தானையை நீவிவிட்டு, "பாருங்க அக்கா, உங்க நிறத்துக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்று கூசாமல் பொய் சொல்வேன். அதே நான் மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து வந்துவிட்டால், ரதி வேஷத்துக்கான சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பேன். அவள்தான் வந்து கட்டிவிட வேண்டும்.

"ஊருக்கே கட்டிக் காட்டுறீங்க. இங்க வந்தா மட்டும் கை வெளங்காமப் போயிருதா?" என்பாள், பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு. "ரதியாம் ரதி. இந்த மூஞ்சியப் பாத்தா சிவபெருமானே மூணாவது கண்ண இறுக்கி மூடிக்குவாரு."

அந்தச் சீலை அவளுடைய கல்யாணக் கூறைதான். ஒரு வருடம் வேஷச் சீலை கிழிந்து போனதும், அலுமாரியிலிருந்து இதை எடுத்துத் தந்தாள். "எனக்கு இனிமே யாரு கல்யாணம் கட்டப் போறா? வருசத்துக்கு ஒரு நாள் நீங்களாச்சும் கட்டுங்க" என்றாள். அதற்குப் பிறகு அது கூத்துப் பெட்டியோடு கோயிலிலேயே தங்கிவிட்டது.

எங்கள் தோட்டம் கலஹாவுக்கு மேலே. காலையில் கலஹா பஸ்ஸில் பேராதனைக்கு இறங்கி, அங்கிருந்து கண்டிக்குப் போய்ச் சீலை விற்பேன். சாயந்தரம் அதே வழியில் மேலே ஏறுவேன். கூத்தில் ரதி என்றால் எங்கள் தோட்டத்தில் நான்தான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன், அதாவது மதன், எரிந்து சாம்பலாகிப் போவான். அவன் பெண்டாட்டி ரதி ஒப்பாரி வைப்பாள். அந்த அழுகைக்கு இரங்கி மூன்றாம் நாள் சிவன் அவனை எழுப்பித் தருவார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதுதானே எல்லாக் கதையும். நான் அழுதால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கண்ணும் காயாது. அந்த வருடம் யாரையாவது பறிகொடுத்த பெண்கள் என் அழுகைக்காகவே காத்திருந்து, என்னோடு சேர்ந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போவார்கள்.

அழாமல் உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரி ஒருத்திதான். முதல் வரிசையில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரிப்பாள்.

"நீங்க அழுறதப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது. நான் செத்தா இதுல பாதியாச்சும் அழுவீங்களா?"

"நீ எங்க சாகப் போற? என்னையத் தூக்கிப் போட்டுட்டு, நாலு வீட்டுல கதையும் பேசிட்டுத்தான் போவ" என்பேன்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வட்டக்காய். பூசணிக்காயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாட்டில் எண்ணெய் இல்லாமல், காஸ் இல்லாமல், பால்மா டப்பாவுக்குச் சண்டை நடந்த அந்தக் காலத்தில், வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று டிவியில் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். இவள் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள்.

"ஏங்க, இத இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாமா?"

லயத்துக்குப் பின்னால் கிடந்த சரிவில் அவள் எப்போதோ கொடி போட்டுவிட்டாள். அந்த நாட்களில் கடையில் கரண்டும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. நான் உரப்பையில் வட்டக்காயைக் கட்டி பஸ்ஸில் கொண்டுபோவேன். சீலையைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லாத கடையில் வட்டக்காய்க்கு ஆள் இருந்தது. வழக்கமாகப் பெருநாளைக்குத் துணி எடுக்க வருகிற அக்குறணைக்காரர் ஒருவர், "சீல கெடக்கட்டும் தம்பி, நமக்கு வட்டக்காய் ஒண்டு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் வீட்டுக்கு வந்து சொன்னால் இவள் இரண்டு நாளைக்குத் தரையில் கால் பதியாமல் நடப்பாள்.

காய்த்ததில் நல்லதாக ஒன்றை விதைக்கு விடுவாள். விதையைச் சாணியிலும் சாம்பலிலும் பிசைந்து, அடுப்படியின் பின்சுவரில் வரட்டி மாதிரி அப்பிவிடுவாள். வந்தவர்கள் பார்த்தால் மாட்டுக்கொட்டில் என்று நினைப்பார்கள். எனக்கு அதில் கோபம்.

"டவுன்ல வேலை செய்றவன் வீட்டுச் சுவராடி இது?"

"எலி ஏறாத எடம் இது ஒண்ணுதான். ஒங்க பவுசுக்காக வெதய எலிக்குக் குடுக்கவா?" என்று முடித்துவிடுவாள். அவளோடு பேசி நான் ஜெயித்ததாக ஞாபகமில்லை.

போன வருடக் கடைசியில் புயலும் மழையும் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த மழைதான். அன்றைக்கு நான் கடையில் மாட்டிக்கொண்டேன். பேராதனைப் பக்கம் தண்ணீர், பஸ் இல்லை. இவள் போன் போட்டுப் பேசினாள்.

"கடையிலயே இருங்க. வந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க? இங்க அடுப்படி ஒழுகுது. வெதச் சுவரு நனையுது, சாக்கு ஒண்ணு கட்டிட்டு வர்றேன். வைங்க."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஊரில் யாருடைய போனும் வேலை செய்யவில்லை.

மறுநாள் மரம் விழுந்த ரோட்டையும் மண் மூடிய ரோட்டையும் தாண்டி நடந்தே போய்ச் சேர்ந்தேன். லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. மலை அப்படியே இறங்கிவந்து உட்கார்ந்திருந்தது. ஓடித் தப்பியவர்கள் ஓரமாக நின்று என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? ரதியின் ஒப்பாரி வந்தது. ராகத்தோடு வந்தது. எந்த இடத்தில் இழுக்க வேண்டுமோ அந்த இடத்தில் இழுத்து, எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாங்கினேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி பழக்கத்தில் பின்பாட்டும் எடுத்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. சீ, என்ன மனிதன் நான்! பெண்டாட்டி மண்ணுக்குள் கிடக்கிறாள், நான் கூத்தாடுகிறேன். வாயை மூடியவன்தான், அதற்குப் பிறகு அழவே இல்லை.

தோண்டினார்கள். மற்றவர்கள் கிடைத்தார்கள். இவள் கிடைக்கவில்லை. பிறகு மெஷினை வேறு மலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அங்கேயும் ஆட்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபத்தான இடம் என்று சுற்றிலும் மஞ்சள் நாடாப் பட்டி கட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்குக் கோயில் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தந்தார்கள்.

கொழும்பில் வேலை செய்கிற என் மகள் லீவு போட்டு வந்து என்னோடு இருந்தாள். "அப்பா, கருமாதியாச்சும் வச்சிருவோம். அம்மாவ இப்பிடி அந்தரத்துல விட்டுட்டு நிக்கிறோமே" என்பாள். கருமாதி வைத்தால் செத்தவருக்கு வழி கிடைக்கும், வீட்டுக்குத் தீட்டுப் போகும். அது எனக்கும் தெரியும்.

"ஒடம்பக் கண்ணால பாக்காம என்னடி கருமாதி?" என்று எரிந்து விழுவேன். கருமாதி என்று வாயைத் திறந்தவர்கள் எல்லோரிடமும் சண்டை போட்டேன். வைத்துவிட்டால் அவள் செத்தது நிஜமாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

தை மாதம் ஒருநாள் பட்டியைத் தாண்டி உள்ளே போனேன். மண்மேட்டின் அடியில் பச்சையாக ஒரு கொடி. கிட்டப் போனால் வட்டக்காய்க் கொடி. சாணி உருண்டை காய்ந்து ஒட்டிய சுவர்க் கல் ஒன்று பக்கத்தில் கிடந்தது. குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். கொடி இங்கே என்றால் அந்தச் சுவர் இங்கே. சாக்குக் கட்டப் போனவளும் இங்கேதான்.

மகளைக் கூட்டிவந்து காட்டினேன். "தோண்டச் சொல்லிக் கேப்போமாப்பா?" என்றாள். கொடியில் மஞ்சளாக ஒரு பூ வந்திருந்தது. தோண்டினால் கொடி போய்விடும். தோண்டினால் அவளைப் பார்த்தே ஆகவேண்டும். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலையானது.

மாசி பிறந்ததும் கூத்து வாத்தியார் கூடாரத்துக்கு வந்தார். பழைய மனிதர், என் கல்யாணத்துக்குத் தப்பு மேளம் அடித்தவர். கூத்தை விட்டால் மலை இன்னும் இறங்கும் என்று சனம் பயந்துபோய் இருந்தது. ஆனால் தீட்டு உள்ள ஆள் வேஷம் கட்டக்கூடாது. அதற்குத்தான் வந்தார்.

"தம்பி, கேக்கிறேன்னு கோவிச்சுக்காத. வீட்டுல தீட்டு இருக்கா, இல்லையா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"அவ செத்தத யாரு கண்டா? கருமாதியே வைக்கல அண்ணே. அப்புறம் தீட்டு எங்கேயிருந்து வரும்?" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி. ரதி நீதான்" என்று எழுந்து போய்விட்டார். மகள் வெளியே போய் அழுதாள். நான் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. எனக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் இருந்தது. வருடா வருடம் யாருக்கோ அழுது உயிரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் ஒழுங்காக அழுதால் எனக்கும் ஒன்று கிடைக்காதா? படித்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கூத்தன்றைக்குக் கூறைச் சீலையை நானே கட்டிக்கொண்டேன். கொசுவம் ஒரு மடிப்புப் பிசகாமல் வந்தது. முந்தானையில் அவள் போன மாசியில் குத்திய ஊசி அப்படியே இருந்தது. சீலையை முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி வாசமும் பூச்சி உருண்டை வாசமும்தான். அவள் வாசம் இல்லை. அப்போதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

விடியும்போது காமன் கம்பம் எரிந்தது. நான் பாடினேன். அந்த வருடம் பறிகொடுக்காத வீடு எங்கள் தோட்டத்தில் ஏது? மைதானம் முழுக்க அழுதது. முதல் வரிசையில் அவள் உட்காரும் இடத்தைச் சனம் தானாகவே விட்டு வைத்திருந்தது. நான் ஒரு வரி தப்பாமல் பாடி முடித்தேன்.

மூன்றாம் நாள் மதியம் மதனை எழுப்பினோம். மதன் வேஷம் கட்டியவன் கலஹாவில் ஆட்டோ ஓட்டுகிற பையன், நல்ல பையன். வெள்ளைத் துணியை விலக்கிக்கொண்டு எழுந்தான். தப்பின் அடி கல்யாண அடிக்கு மாறியது. சனம் கைதட்டியது. அவன் தூசியைத் தட்டிக்கொண்டு என் பக்கம் குனிந்து, "எந்திரிச்சிட்டேன் அண்ணே, சிரிங்க" என்றான், வழக்கம்போல.

"ஒன்னய யாருடா எந்திரிக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.

தப்பு நின்றுவிட்டது. அவன் முகம் வெளுத்துப் போனது. பாவம், அவன் என்ன செய்வான்? நான் கேட்டது அவனையா? நான் முதல் வரிசையைப் பார்த்தேன். அந்த இடம் காலியாகவே இருந்தது. வாத்தியார் என் தோளைப் பிடித்தார்.

"அண்ணே, தீட்டு இருக்கு" என்றேன். "எங்க வீட்டுல தீட்டு இருக்கு அண்ணே."

"தெரியும்யா" என்றார். அவரே என் கழுத்திலிருந்து வேஷத் தாலியைக் கழற்றினார்.

அந்த வாரமே கருமாதி வைத்தோம். உடம்புக்குப் பதிலாகக் கூறைச் சீலையை மடித்து வைத்தோம். படையலுக்கு அவளுக்குப் பிடித்ததை ஆக்க வேண்டும். கொடியில் ஒரே ஒரு காய்தான் நின்றது, முத்தியிருந்தது. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்னக்கூடாது என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். மகள் காதில் வாங்கவில்லை. அம்மா செய்கிற மாதிரியே அரிசியும் தேங்காய்ப்பூவும் வறுத்து அரைத்துப் போட்டு ஆக்குகிறேன், நீங்கள் வெட்டித் தாருங்கள் என்றாள்.

கூடாரத்து வாசலில் உட்கார்ந்து வெட்டினேன். உள்ளே மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். விதையை வழித்துத் தனியாக வைத்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. கோயில் மாட்டின் சாணி கொஞ்சம் எடுத்து, அடுப்புச் சாம்பலைப் போட்டு, விதையைப் பிசைந்து உருண்டை பிடித்தேன். உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கூடாரத்தில் நான்கு பக்கமும் தார்ப்பாய். அப்பிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. திரும்ப எடுத்து அப்பினேன், திரும்பவும் விழுந்தது.

"ஏ புள்ள, செவரு இல்லையே, இத எங்க ஒட்ட?" என்று உள்ளே திரும்பிக் கேட்டேன்.

கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றேன். எதற்கும் பதில் வைத்திருப்பவள், இதற்கும் ஏதாவது சொல்லி என் வாயை அடைப்பாள் என்று நிஜமாகவே நின்றேன்.

அப்போதுதான் அழுதேன். ராகம் கிடையாது, இழுப்புக் கிடையாது, சொல்லும் கிடையாது. நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். மகள் அடுப்பை விட்டு ஓடிவந்து, சாணிக் கையோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவள் கேட்டது பாதி அழுகைதான். நான் இன்னும் நிறுத்தவில்லை.