இருபத்து மூன்று காலி நாற்காலிகள்

என் மகள் மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பவள். ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். ஆறு வருடமாகச் செய்கிறாள். நடுவில் மூன்று படங்களிலும் நடித்தாள். ஒன்றில் நர்ஸ், மற்ற இரண்டில் கதாநாயகியின் தோழி. மூன்றுக்கும் சேர்த்துப் பதினான்கு வரி வசனம். ஆவடியில் தொழிற்சாலைப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் இருக்க வராது.

போன ஆடியில் அம்பத்தூரில் ஒரு காபிக் கடையின் மாடியில் அவளுடைய நிகழ்ச்சி. ஒரு புதுப் படத்தில் கதாநாயகியின் அக்கா வேடத்துக்கு ஆள் தேடிய உதவி இயக்குநர் அன்று அவளைப் பார்க்க வருவதாக இருந்தார். படம் முழுக்க வரும் வேடம். "இது மட்டும் கெடச்சிட்டா போதும்பா" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொத்தம் நாற்பத்திரண்டு நாற்காலி. காலை வரை விற்றது பத்தொன்பது டிக்கெட். மீதி இருபத்து மூன்றும் காலியாகக் கிடந்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? எனக்குச் சோறு இறங்கவில்லை. கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா சார் நீங்க, நம்ம பொண்ணுக்கு நாம வராம யாரு வருவா? மொத்த பிளாக்கையும் இட்டுக்கினு வரேன் பாருங்க."

சொன்னபடியே செய்தார். என்னையும் சேர்த்துச் சரியாக இருபத்து மூன்று பேர்.

எனக்கு உறைக்காத ஒன்று இருந்தது. அவளுடைய மிகச் சிறந்த பத்து நிமிடம் எங்கள் அடுக்ககத்தைப் பற்றியது. "எங்க அபார்ட்மென்ட்ல மோட்டார் போடச் சொல்ல ஒரு வாட்ஸப் குரூப், நிறுத்தச் சொல்ல ஒரு குரூப். தண்ணி மட்டும் எந்த குரூப்லயும் வராது." தொடர்ந்து செயலாளரின் குரலிலேயே ஒரு கூட்டம் நடத்துவாள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது விழுந்து விழுந்து சிரித்தவன் நான். அழைக்கப் போனபோது என் தலைக்குள் நாற்காலிகள் மட்டுமே இருந்தன.

மேடைக்கு வந்தவள் முன் வரிசையைப் பார்த்தாள். செயலாளர், அவர் மனைவி, இரண்டாவது மாடிக்காரர்கள். முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் என்னைத் தேடி வந்தது. பிறகு, அடுக்ககக் கதையை விட்டுவிட்டு, எடுபடாது என்று அவளே எப்போதோ ஒதுக்கிவைத்த மின்சார ரயில் கதையைத் தொடங்கினாள். எங்கள் ஆட்கள் தேவையில்லாத இடத்திலெல்லாம் பாசமாகச் சிரித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

ஓரிடத்தில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்துச் செயலாளர் மேடையேறி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நம்ம பிளாக்குக்கே பெருமைம்மா!"

கைதட்டல், போட்டோ. அவள் கும்பிட்டாள். மீதிப் பேச்சைப் பொன்னாடையோடுதான் பேசினாள். நான் திரும்பிப் பார்த்தபோது உதவி இயக்குநர் எழுந்து போயிருந்தார்.

வேடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. "அவருக்கு ஏதோ குடும்ப விழாவுக்கு வந்த மாதிரி இருந்துச்சாம்" என்றாள், செருப்பைக் கழற்றியபடியே.

"தப்பு என்னோடதும்மா."

"விடுப்பா. ஆள் இல்லையேன்னுதானே கூட்டினு வந்தே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் பிறகு. "இனிமே காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும்."

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த நிகழ்ச்சி. பதினாறு இடம் விற்கவில்லை. காலையிலிருந்து போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிய சற்று நேரத்தில், லிப்ட் வாசலில் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், பாப்பாவோட அடுத்த ப்ரோக்ராம் எப்போ? இந்த தபா பக்கத்து பிளாக்காரங்களும் வர்றேன்னு ஒத்த கால்ல நிக்கிறாங்க."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. தன்னை வைத்துத்தான் அவள் ஊரைச் சிரிக்க வைக்கிறாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"இன்னும் தேதி முடிவாகலைங்க" என்றேன்.

"நம்மகிட்ட மொதல்ல சொல்லணும், ஆமா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கீழே அவளுடைய ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.