அம்மானின் பைனாகுலருக்கு ஒரு மழைமூடி

பைனாகுலரைக் கண்டுபிடித்தவர் மழைக்காலத்தில் கண்மாய்க்கரைக்குப் போனவராக இருக்கவே முடியாது. கழுத்தில் தொங்கவிட்டால் கண் வைத்துப் பார்க்கும் பக்கம் வானத்தை நோக்கி நிற்கும். ஓரம் உயர்ந்து, நடுவில் கண்ணாடி பள்ளத்தில் இருக்கும். பார்ப்பதற்கு இரண்டு சின்னக் கிண்ணங்கள். நாலு தூறல் விழுந்தால் நிறைந்துவிடும். எங்கள் பக்கத்திலோ பறவைகள் வருவதே மழையோடுதான். ஐப்பசியில் கண்மாய் பெருகினால் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் கருவேல மரங்களில் வந்து இறங்கும். மாசி கழிந்து தண்ணீர் வற்றினால் போய்விடும். பார்க்க வேண்டிய காலமும் நனையக்கூடாத காலமும் ஒன்றாகவே வந்து தொலைக்கும். இந்தச் சிக்கலில் நான் மாட்டிக்கொண்டது அறுபதுகளின் நடுவில், ஏழாம் வகுப்புப் படிக்கும்போது.

பைனாகுலர் என் அம்மானுடையது, அதாவது என்னைப் பெற்ற ஆத்தாவின் அண்ணனுடையது. பினாங்கில் இருபது வருஷம் கடை பார்த்துவிட்டுக் காரைக்குடிக்கே திரும்பி, எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். அவரோடு கப்பலில் வந்தவர்கள் பீங்கான் ஜாடியும் பட்டுத் துணியும் கொண்டுவந்தார்கள். அம்மான் ஒரு பைனாகுலரும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரப்பர் மழைக்கோட்டும் கொண்டுவந்தார். அவர் மனைவியை நாங்கள் அம்மாமிண்டி என்போம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மாமிண்டி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு.

"ஊருல எல்லாரும் கடல் தாண்டிப் போயி சம்பாதிச்சுட்டு வாராக. எங்க வீட்டுல கொக்குப் பாக்கக் கொழாய் வாங்கிட்டு வந்திருக்காக."

எனக்கும் அம்மானுக்கும் நாற்பது வயது வித்தியாசம். கண்மாய்க்கரையில் அது தெரியாது. கல்லல் போகும் பாதையில் சைக்கிளை மிதிப்பார், நான் பின்னால் உட்கார்ந்து பைனாகுலரை மடியில் வைத்துக்கொள்வேன். கரை ஏறியதும் சண்டை ஆரம்பமாகும். "குடு குடு, பறந்துரும்" என்று அவர் பிடுங்குவார். "இப்பத்தான அம்மான் பாத்தீக, இது என் முறை" என்று நான் வாரைப் பிடித்து இழுப்பேன். அவர் பதினான்கு நாரை எண்ணினால் நான் பதினாறு என்பேன். திரும்பிவரும் வழியெல்லாம் அந்த இரண்டு நாரைகளைப் பற்றியே பேச்சு ஓடும்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் பைனாகுலர் என் கழுத்தில் கிடக்கும்போது மழை கொட்டிவிட்டது. மரத்தடிக்கு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால், இரண்டு கிண்ணமும் ததும்புகிறது. கவிழ்த்துக் கொட்டி, பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அம்மானிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மான் கூப்பிட்டு அனுப்பினார். மாடியில் நின்று பைனாகுலரால் கோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"இடதுபக்கம் தண்ணி இறங்கிருச்சு. ஒரே புகையா இருக்கு. நீயே பாரு."

பார்த்தேன். கோபுரத்தில் உட்கார்ந்திருந்த புறாவின் கண் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. வலதுபக்கம் பார்த்தேன், அதுவும் அப்படியே. ஆனால் துடைத்தவள் நான். குற்றம் செய்தவளுக்குத் தன் கண்ணை நம்பும் தைரியம் எங்கிருந்து வரும்? அம்மானுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்றால் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

"ஆமா அம்மான், லேசாத் தெரியுது" என்றேன்.

பைனாகுலர் இரும்புப் பெட்டிக்குள் போனது. "தண்ணி இறங்காத மாதிரி ஒரு மூடி கொண்டா. அப்பறம் வெளிய எடுக்கறதப் பத்திப் பேசுவோம்" என்றார். அன்றிலிருந்து மாசிக்கு எத்தனை நாள் என்று விரலில் எண்ண ஆரம்பித்தேன்.

மூடிக்குப் பஞ்சமில்லாத வீடு அது. எங்கள் வீடுகளில் பாத்திரம் போனாலும் மூடியை எறிய மாட்டார்கள். அம்மாமிண்டியின் சாமான் அறையில் ஒரு மரப்பெட்டி நிறைய மூடிகள். அடிப்பாகம் உடைந்தும் தொலைந்தும் போய் எத்தனையோ வருஷமான பித்தளை, ஈயம், பீங்கான் மூடிகள். பித்தளையில் எல்லாம் முதலெழுத்துகள் வெட்டியிருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானில், கரண்டி முதல் அண்டா வரை, அவள் பெயரை வெட்டித்தான் கொடுப்பது எங்கள் வழக்கம். பெயர் வெட்டியாகிவிட்டால் அது அவளுடையது, கொடுத்தவர்கள்கூட அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மான் பள்ளிக்கூடத்துப் பரீட்சை அதிகாரி மாதிரி பைனாகுலரோடு எதிரே உட்காருவார். கண்ணாடிக்கு மேல் ஒரு துண்டு பிளாட்டிங் பேப்பர், அதில் ஒரு மைப்புள்ளி. மேலே மூடி. மூடிமேல் கையால் தண்ணீர் தெளிப்போம். மை பரவியிருந்தால் தோல்வி.

குங்குமச் சிமிழ் மூடி பெரிது, குனிந்தால் விழுந்தது. தலைவலி மருந்து டப்பாவின் மூடி அளவாக இருந்தது, ஆனால் தகரம் பட்டு ஓரத்தில் கீறல் விழப் பார்த்தது. ஓலையில் பின்னிய கொட்டான் கூடைகளில் சின்னது ஒன்று அழகாக உட்கார்ந்தது. பார்க்கத்தான் அழகு, மை நன்றாகப் பரவியது. சைக்கிள் கடையில் பழைய டியூபைக் கெஞ்சி வாங்கி, வெட்டி, ஒரு பக்கத்தை நூலால் கட்டி மாட்டினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை! குதித்தேன். கழற்றும்போது பிடித்த பிடியில் கூர்மை சரிசெய்யும் வளையமும் சேர்ந்து திரும்பிவிட்டது. "ஒவ்வொரு தடவையும் இப்படித் திருகிக்கிட்டே இருந்தா நாரை நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்றார் அம்மான். அதைக் கொஞ்சம் தளர்த்தினேன், கழன்று விழுந்தது. மறுபடி இறுக்கினேன், வளையம் திரும்பியது. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது என்று தெரிந்தது. அது என் கைக்கு அகப்படவில்லை.

இரண்டையும் சேர்த்து ஒரே மூடியாகச் செய்யலாம் என்றும் யோசித்தேன். அதிலும் ஒரு தொல்லை. பைனாகுலர் நடுவில் மடங்கும். அம்மானின் கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், அவர் விரித்துப் பார்ப்பார். நான் குறுக்கிப் பார்ப்பேன். யார் அளவுக்குச் செய்வது? பைனாகுலர் அவருடையது, அவர் அளவுக்குத்தான் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

கார்த்திகையும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியில் தலைக்கு மேல் நாரைக் கூட்டம் போகும். வெறுங்கண்ணால் பார்க்க அழுகையாக வரும்.

ஒருநாள் மூடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது அம்மாமிண்டி வந்து நின்றார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். கோவில் நகைக்குக்கூட இம்புட்டுக் காவல் இல்லை என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தார். அன்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடியே, உண்மையச் சொல்லு. அந்தக் கொழாயில உனக்குப் புகை தெரியுதா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒன்னையத் திட்ட மாட்டேன், சொல்லு."

"இல்ல அம்மாமிண்டி. எனக்கு நல்லாத்தான் தெரியுது. அம்மான் கோவிச்சுக்குவாகன்னு சொன்னேன்."

அவர் கீழே கிடந்த ஒரு பித்தளை மூடியை எடுத்து முந்தானையால் துடைத்தார். ஏற்கனவே துடைத்த மூடி அது. பிறகு, "அவுககிட்ட இதைச் சொல்லிக்கிற வேணாம்" என்று போய்விட்டார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே இருவரும் மதுரைக்குப் போனார்கள். ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றார்கள். நாலாம் நாள் திரும்பினார்கள். எனக்கு ஒரு பொட்டலம் அல்வா வந்தது. விசேஷத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டேன், அம்மானும் அம்மாமிண்டியும் வேறு வேறு பதில் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் அம்மாமிண்டி என்னை வெளிச்சத்தில் நிறுத்தினார்.

"நேரா என்னையப் பாரு. இமைக்காத."

ஒரு நூலை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்மணியின் நடுவில் ஒரு முடிச்சு, மறு கண்மணிக்கு நேரே இன்னொரு முடிச்சு. கண்ணேறு கழிக்கிறார் என்று நினைத்து, அடுத்து மிளகாய் சுற்றுவதற்காகக் காத்து நின்றேன். "ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? அங்குட்டுப் போய் விளையாடு" என்று துரத்திவிட்டார்.

மூன்றாம் நாள் மூடி வந்தது.

இன்றைக்கும் அது என் கையில் இருக்கிறது, அதனால் சரியாகவே சொல்ல முடியும். கறுத்த பச்சை ரப்பர் துணியில் இரண்டு குல்லாய்கள். உள்ளே கண்ணாடியில் உராயாதபடி பிளானல் துணி. ஓரத்தில் சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொலூஷனால் ஒட்டியிருந்தார் அம்மாமிண்டி. ஊசி போட்டால் துளை விழும், தண்ணீர் இறங்கும் என்று குல்லாயில் ஒரு தையல்கூடக் கிடையாது. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு பட்டை, நான் குறுக்கிப் பார்க்கும் அளவுக்கு. தொலையாமல் இருக்க, கழுத்து வாரில் கோத்துக்கொள்ள ஒரு காது. பட்டையில் மட்டும் சிவப்பு நூலால் இரண்டு எழுத்துகள் தைத்திருந்தார். ஒன்று என் அப்பச்சியின், அதாவது அப்பாவின், எழுத்து, மற்றது என்னுடையது.

மாட்டினேன். தானாகப் போய் உட்கார்ந்தது. குப்புறப் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. ஒரு விரலால் நெம்பினேன், மெல்லிய ஒரு சத்தத்தோடு கழன்றது. வளையம் இம்மிகூடத் திரும்பவில்லை. செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தோம். பிளாட்டிங் பேப்பரில் மைப்புள்ளி வைத்தது வைத்தபடி இருந்தது. நான் அம்மாமிண்டியைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். "விடுடி, விழுந்து வைக்கப் போறேன்" என்று கத்தினார்.

அப்போதுதான் கவனித்தேன், அது அம்மானின் பினாங்கு மழைக்கோட்டின் துணி. கொடியில் கோட்டு தொங்கியது, அதன் ஒரு பக்கத்தில் பெரிய ஓட்டை. அந்தக் கோட்டை மடிப்பு மாறி மடித்தாலே சத்தம் போடுகிறவர் அம்மான். பயந்துபோய் அவரைப் பார்த்தேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த மூடியைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாமிண்டி, என் எழுத்தைப் போட்டுட்டீக. கொழாய் அம்மானோடதுல்ல?" என்றேன்.

"மூடிக்குத்தான்டி பேரு. ரொம்பக் கேள்வி கேக்காத" என்றார்.

அம்மான் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் கோபுரத்தின் பக்கம் திருப்பினார்.

"புகை போயிருச்சா அம்மான்?"

"போயிருச்சு ஆத்தா. சுத்தமாப் போயிருச்சு" என்று என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மூடி போட்டால் உள்ளே இருக்கும் புகைகூடப் போய்விடும் என்ற என் விஞ்ஞானத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த மாசி வரை எனக்கு அப்படி ஒரு வாழ்வு. பைனாகுலரை யாரும் பிடுங்கவில்லை. சைக்கிள் போய் வாடகை வண்டி வந்தது. கால் வலி என்றார் அம்மான், நம்பினேன். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "என்ன இருக்கு, சொல்லு" என்பார். நான் பதினாறு என்றால் பதினாறுதான், சண்டைக்கு வரவில்லை. மூக்கு எப்படி வளைந்திருக்கிறது, இறக்கையில் எங்கே கறுப்பு, காலை எப்படித் தூக்கி வைக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து, ஒன்று விடாமல் சொல்வேன். இன்றைக்கு நான் ஒரு பறவையைப் பார்த்தால் அலகிலிருந்து கால்நகம் வரை பார்க்கிறேன் என்றால், அந்த ஒரு மழைக்காலம் கொடுத்த பழக்கம்தான்.

அம்மானின் இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்று மதுரை டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். இதை ஆத்தா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பிய அன்று. என் எழுத்து வெட்டிய பாத்திர வரிசையின் கடைசியில் அம்மாமிண்டி அந்தப் பைனாகுலரையும் மூடியோடு வைத்திருந்தார். பட்டையில் சிவப்பு நூல் கொஞ்சம் வெளுத்திருந்தது.

ஆனால் அம்மான் என்னிடம் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த மாசியில், கடைசி நாரைக் கூட்டம் கிளம்பிய சாயங்காலம், மூடியை நான் போட்டேனா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு மழையில தண்ணி ஒண்ணும் இறங்கலை ஆத்தா. கண்ணாடி நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன்.

"பரவாயில்ல அம்மான், விடுங்க. அதுக்குத்தான் இப்ப மூடி வந்துருச்சுல்ல."

"ஆமா" என்றார் அம்மான். "அது வந்துருச்சு."